'பிள்' என்று முடிந்த சொல்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மலை வெடித்ததை முதலில் கண்டுபிடித்தது பக்கத்து வீட்டுப் பாக்கியக்காவின் ஆடு. மேய்ந்துகொண்டிருந்த ஆட்டின் முன்னங்கால் ஒன்று மண்ணுக்குள் இறங்கிவிட்டது. அது கத்திய கத்தில் லயமே ஓடிவந்தது. காலை இழுத்து எடுத்த பிறகுதான் பார்த்தோம். புல்லுக்கடியில் ஒரு வெடிப்பு, எங்கள் லயம் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்கு மலையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போயிருந்தது. லயத்து இளவட்டம் ரமேஸ் ஒரு நீளக் கம்பை உள்ளே விட்டுப் பார்த்தான். கம்பு அடியைத் தொடவில்லை.

மற்றவர்கள் வெடிப்பைப் பார்த்துவிட்டு ரொட்டி சுடப் போனார்கள். நான் போகவில்லை. எனக்குப் பயம் வந்தால் பசி வராது, வாய்தான் வரும். அன்று ராத்திரி முழுக்க என் புருசனை அரித்தெடுத்துவிட்டேன்.

என் புருசன் ஜெயகுமார் தோட்டத் தலைவர். தொழிற்சங்கத்துக்காரர். நியாயமான மனுசன்தான், ஆனால் ஒன்றை மனதில் எடுத்துவிட்டால் அதிலிருந்து அவரைக் கழற்ற யாராலும் முடியாது. எங்களுக்கு ஒரே மகள், தனுஜா. பதுளையில் விடுதியில் தங்கி உயர்தர வகுப்புப் படிக்கிறாள். வீட்டில் நாங்கள் இருவரும், அவருடைய அப்பா மாரிசாமியும். மாமாவுக்கு ஒரு கால் வராது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது பட்ட காயம், ஆறியும் ஆறாமல் காலைச் சுருக்கிவிட்டது. தடியை ஊன்றி இஸ்தோப்பு என்கிற முன்திண்ணை வரைக்கும் வருவார், அதற்கு அப்பால் யாராவது தூக்க வேண்டும்.

கார்த்திகை பிறந்ததிலிருந்து மழை விடவேயில்லை. ஜெயகுமார் ஆபீசுக்கு நடையாக நடந்து, கடைசியில் பதுளையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் மண்ணைப் பற்றிப் படித்த சிங்கள மேடம், முழங்கால் வரைக்கும் சப்பாத்து. மற்றவர் சுபாஸ் என்று ஒரு யாழ்ப்பாணத்து இளம் அதிகாரி. எங்களோடு தமிழில் பேசுவதற்காகவே அவரை அனுப்பியிருந்தார்கள். நல்ல பிள்ளை. மாமாவைக் கண்டதும் "ஐயா, சுகமா இருக்கிறியளோ?" என்று கையைப் பிடித்துக் கேட்டார்.

இரண்டு பேரும் வெடிப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். மேடம் குனிந்து மண்ணை விரலில் எடுத்துத் தேய்த்தார். மலைச்சரிவில் மரங்கள் லயத்தின் பக்கம் சாய்ந்திருப்பதைப் படம் எடுத்தார். எங்கள் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடச் சொன்னார். பாதிக் கதவுகள் நிலையில் இறுகிப்போயிருந்தன. நான் பால் விடாத தேயிலைச் சாயத்தண்ணியைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். ஜெயகுமார் எனக்கு முன்னால் நின்றார். அப்போதுதான் மேடம் இங்கிலீசில் ஏதோ கேட்க, சுபாஸ் மலையை அண்ணாந்து பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நொட் டெனபிள்."

எங்களைப் பார்த்ததும் முகத்தை மாற்றிக்கொண்டார். "நாங்கள் பாத்திட்டம். அறிக்கை மேலிடத்துக்குப் போகும். பயப்பிடாதேங்கோ, ஆனா கவனமா இருங்கோ" என்றார். ஜெயகுமாரிடம் தன் நம்பரைக் கொடுத்தார். தேத்தண்ணியைக் குடித்தார்கள், ஜீப்பில் ஏறினார்கள், போய்விட்டார்கள்.

இதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தமிழ் பேசவென்று ஒருவரை அனுப்பினார்கள். அவர் சுகம் விசாரித்தது தமிழில், பயப்படாதீர்கள் என்றது தமிழில். உண்மையை மட்டும் இங்கிலீசில் சொல்லிவிட்டுப் போனார்.

ஜீப் வளைவில் மறைவதற்குள் ஜெயகுமார் இஸ்தோப்பில் ஏறி நின்று லயத்தையே கூப்பிட்டார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இவங்க மலைய பாக்க வரல. நம்மளக் கெளப்ப வந்திருக்காங்க. என் காதால கேட்டேன். 'நொட் டெனண்ட்'னு சொன்னாரு. நாம டெனண்ட் இல்லையாம்!"

டெனண்ட் என்ற சொல் எங்கள் லயத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். போன வருசம் பதுளையில் நடந்த சங்கக் கூட்டத்தில் ஒரு வக்கீல் விளக்கினார். நாங்கள் சட்டப்படி டெனண்ட் இல்லை, அதாவது வாடகைக் குடியிருப்பாளர் இல்லை, கொழுந்து எடுக்கும் வரைக்கும் தங்க விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான் என்று தோட்டக் கம்பெனி வாதாடுகிறதாம். அதைக் கேட்டுவிட்டு வந்த நாளிலிருந்து ஜெயகுமார் ஒழுங்காகத் தூங்கியதில்லை. தோட்டத்துக் கீழ்ப்பிரிவில் நடந்ததும் எல்லாருக்கும் தெரியும். மழைக்குப் பயந்து பள்ளிக்கூடத்தில் தங்கப் போன குடும்பங்கள் திரும்பி வந்தபோது லயத்துக் கூரைத் தகரம் கழற்றப்பட்டிருந்தது. பாதுகாப்பில்லாத கட்டடம் என்றார்கள் கம்பெனிக்காரர்கள். அந்தக் குடும்பங்கள் இன்றைக்கும் தார்ப்பாய்க் கொட்டிலில்தான் இருக்கின்றன. அதனால் அவர் சொன்னதை நம்பாத ஆள் லயத்தில் இல்லை.

"இனி எவனும் காம்பராவ விட்டு எறங்கக் கூடாது. வீட்டுக்கு ஒரு ஆளாவது இருக்கணும். காலியா கெடந்தா பூட்டிருவானுங்க. புடிச்ச புடிய விடாதீங்க" என்றார்.

எனக்கு உதைத்தது. "இந்தாங்க, டெனண்ட்டுனு சொல்லல. கடைசியில 'பிள்'னு முடிஞ்சிச்சு. நான் பக்கத்துலதானே நின்னேன்" என்றேன்.

"பிள்ளாவது கிள்ளாவது. பிள்ள மடுவத்துல இருந்து இருந்து ஒனக்கு எல்லாமே பிள்ளையாத்தான் கேக்கும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

பிள்ளை மடுவத்தில் பிள்ளை பார்ப்பது என் வேலை. அம்மாமார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளையும் நடக்கிற வாண்டுகளையும் என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். மடுவம் எங்கள் லயத்திலிருந்து இறங்கி, ஓடையைத் தாண்டி, பாறை மேட்டில் இருக்கிறது. சிரித்தது எனக்குக் கோபமில்லை. ஆனால் 'பிள்' என்பது என் காதை விட்டுப் போகவில்லை. டெனண்ட் இல்லை என்று சொல்ல வந்தவர் எதற்காக மலையைப் பார்த்துச் சொன்னார்? சொல்லும்போது அவர் முகம் ஏன் அப்படி இருந்தது?

எங்கள் தோட்டத்தில் சிக்னல் கிடைப்பது கோயில் மேட்டில் மட்டும்தான். பின்னேரம் குடையைப் பிடித்துக்கொண்டு ஏறி, நஸ்லியாவுக்குப் போன் போட்டேன். நஸ்லியா என்னோடு லுணுகலையில் சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவள். நான் கலியாணம் கட்டிக்கொண்டு மலையேறினேன், அவள் படித்து அங்கேயே இங்கிலீஸ் டீச்சரானாள். ஒரு சொல்லைக் கேட்டால் போதும், அதன் தாய் தகப்பன் ஊர் எல்லாவற்றையும் சொல்லாமல் விடமாட்டாள்.

"நஸ்லியா, டெனபிள்னு ஒரு சொல்லு இருக்கா?"

"இருக்கே. ஏன் புள்ள, தனுஜாட பாடத்துல வந்திச்சா?"

நான் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

"நல்ல சொல்லு அது. முந்திச் சண்டைக்காரங்கட சொல்லு. ஒரு கோட்டை இருக்குண்டு வெச்சுக்க. எதிரி சுத்தி நிண்டு அடிக்கிறான். உள்ளுக்கு இருக்கிறவங்க அந்தக் கோட்டைய விட்டுக் குடுக்காம வெச்சிருக்க ஏலுமெண்டா அது டெனபிள். பொறகுதான் பேச்சுக்கும் வந்திச்சு. ஒருத்தர்ட வாதம் அடி தாங்குமெண்டா அதையும் டெனபிள் எண்டு செல்லுவாங்க. பிரெஞ்சுல 'தெனீர்' எண்டு ஒரு சொல்லு இருக்கு. அதுல இருந்து வந்தது."

"தேநீரா?"

அவள் போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தாள். "தோட்டத்துல இருக்கிற ஒனக்கு அப்பிடித்தான் கேக்கும். தேநீர் இல்ல புள்ள, தெனீர். பிடிக்கிற எண்டு அர்த்தம். கையால பிடிக்கிறோமே, அந்தப் பிடி. அதுக்கும் மேல போனா லத்தீன்."

"அப்ப டெனண்ட்?"

"அதுவும் அதே வயித்துல பொறந்ததுதான். எடத்தப் பிடிச்சிருக்கிறவன் டெனண்ட். பிடிச்சு நிக்க ஏலுமான எடம் டெனபிள். ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரி, காதுல கேட்டா மாறித்தான் போகும்."

நான் குடைக்கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "அப்ப நொட் டெனபிள்னா?"

"தாக்குப் பிடிக்காது. விட்டுட்டுப் போறதத் தவிர வேற வழியில்ல எண்டு அர்த்தம். எந்தப் பொத்தகத்துல வந்திச்சு?"

"பொத்தகத்துல இல்ல நஸ்லியா. பதுளையில இருந்து ஆபீசர் வந்தாங்க. எங்க லயத்துக்குப் பின்னுக்கு நின்னு, மலையப் பாத்துச் சொன்னாங்க."

இப்போது அவள் குரல் சிரித்த குரலாக இல்லை.

"விஜி, எறங்கு. நாளைக்கு எண்டு பாக்காத. எல்லாரையும் கூட்டிக்கிட்டு எறங்கு புள்ள."

கோயில் மேட்டிலிருந்து பார்த்தால் எங்கள் லயத்துக் கூரை தெரியும். அதற்கு மேலே மலை. எத்தனையோ வருசம் பார்த்த மலை. அன்றைக்குத்தான் அது எங்களுக்கு மேலே நிற்கிறது என்பதே எனக்கு உறைத்தது. ஓட்டமாக இறங்கி வந்தேன்.

ஜெயகுமாரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். பிரெஞ்சு, லத்தீன், கோட்டை எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"நஸ்லியா டீச்சர் இங்க வந்து கேட்டாங்களா?"

"இல்ல."

"கேட்டது நான். அவங்களுக்கு நீ 'பிள்'னு சொன்னே, அவங்க 'பிள்'ளுக்கு அர்த்தம் சொன்னாங்க. நீ 'டெனண்ட்'னு கேட்டிருந்தா அதுக்கு அர்த்தம் சொல்லியிருப்பாங்க."

வாதம் என்று பார்த்தால் அவர் பக்கம் பிழையில்லை. "நானும் அங்கதானே நின்னேன், எனக்குக் காது இல்லையா?" என்று கத்தினேன். மாமா உள்ளேயிருந்து, "அட, சண்ட போடாதீங்கம்மா" என்றார். அதோடு அன்றைய பேச்சு முடிந்தது.

மறுநாள் காலையில் முகம் கழுவ, மலை ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிக்குப் போனேன். எங்கள் பீலித் தண்ணீர் கண்ணாடி போல இருக்கும், எந்த மழைக்கும் கலங்கியதில்லை. அன்று சேறாக வந்தது. செம்மண்ணைக் கரைத்து ஊற்றியது போல வந்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நூலாக மெலிந்து நின்றுபோனது. மழை கொட்டிக்கொண்டிருக்கிறது, பீலியில் தண்ணீர் இல்லை. அந்தத் தண்ணீரெல்லாம் எங்கே போகிறது? மலைக்குள்ளேதானே தேங்குகிறது?

புருசன் போனிலிருந்து சுபாஸின் நம்பரை எடுத்துக்கொண்டு மறுபடியும் கோயில் மேட்டுக்கு ஓடினேன். மூன்றாம் தரம் எடுத்தார்.

"தம்பி, நீங்க மலையப் பாத்து சொன்னது டெனண்ட்டா டெனபிளா?"

அவருக்கு விளங்கவில்லை. இன்னொரு தடவை கேட்டேன்.

"அக்கா, கடிதம் வரும். மேலிடத்திலை கையெழுத்தாகாமல் நான் ஒண்டும் சொல்லக் கூடாது."

"பீலித் தண்ணி சேறா வந்து நின்னு போச்சு தம்பி."

"எப்ப?" குரல் ஏறியது. "எப்ப நிண்டது? அக்கா, நான் சொன்னனெண்டு ஒருத்தரிட்டையும் சொல்லாதேங்கோ. அந்த இடம் நிண்டு பிடிக்காது. வெளிக்கிடுங்கோ. இண்டைக்கே வெளிக்கிடுங்கோ."

நஸ்லியாவின் வாயிலும் பிடி, இவர் வாயிலும் பிடி. பிடிக்காது, பிடிக்காது என்று இரண்டு பேரும் சொல்கிறார்கள், பிடியை விடாதே என்று என் புருசன் சொல்கிறார். ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். சுபாஸின் பெயரையும் சொல்லிவிட்டேன், அந்தப் பிள்ளை கேட்டுக்கொண்டது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

"அப்பிடின்னா எழுத்துல குடுக்கச் சொல்லு" என்றார் ஜெயகுமார். "கீழ்ப்பிரிவுக்காரனுக்கும் வாயாலதான் சொன்னானுங்க. இன்னைக்கு அவன் எழுத்தக் காட்டுன்னா எதக் காட்டுவான்?"

அவருக்கும் பயம்தான். அது எனக்குத் தெரியும். எனக்கு மலையைப் பற்றிய பயம், அவருக்குத் தெருவைப் பற்றிய பயம். அவர் தாத்தா கட்டாத, அவர் அப்பா கட்டாத, அவருக்கும் சொந்தமில்லாத அந்த ஒற்றைக் காம்பராவை விட்டால் நிற்க வேறு இடம் இல்லை என்று அவர் நடுங்கினார். அதனால்தான் என்னால் அவரை வெறுக்கவும் முடியவில்லை.

மாமாவிடம் போனேன். "மாமா, ரமேஸ் தூக்கிக்கிட்டு வரட்டும். மடுவத்துக்கு வந்துருங்க."

"மகன் சொல்லட்டும்மா. அவன் எறங்கச் சொன்னா எறங்கிருவேன்" என்றார். கண்ணில் பயம் இருந்தது, ஆனால் மகன் பேச்சைத் தாண்ட மாட்டார்.

அன்றைக்கும் பெயர் கூப்பிடும் பெரட்டு நடந்தது, அன்றைக்கும் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். பெண்கள் பொலித்தீனைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மலைக்குப் போகும் வழியில் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போனார்கள். நான் பால் கரைத்தேன், மூக்குத் துடைத்தேன், தொட்டில் ஆட்டினேன். நிமிசத்துக்கொரு தரம் கதவுக்கு வந்து மலையைப் பார்த்தேன். பார்த்துப் பார்த்து, மத்தியானத்துக்கு மேல் ஒரு முடிவுக்கு வந்தேன். என் பேச்சை யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் லயத்துப் பிள்ளைகள் எல்லாம் என் கையில்தான் இருக்கின்றன.

பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு அம்மாமார் வந்தபோது மடுவத்தின் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. ஜன்னல் வழியாகப் பேசினேன்.

"புள்ளைங்கள குடுக்க மாட்டேன். இன்னைக்கு ராத்திரி எல்லாம் இங்கதான். நீங்களும் உள்ள வந்து இருக்கிறதா சொன்னா தொறக்கிறேன். மேல ஒரு புள்ளயும் போகாது."

"ஒனக்குப் பைத்தியமாடி?" என்றாள் பாக்கியக்கா. நாற்பதுக்கு மேல் தவமிருந்து பெற்ற அவளுடைய கடைக்குட்டி என் இடுப்பில் இருந்தான். "என் புள்ளய குடுடி! நீ யாரு அவனப் புடிச்சு வைக்க?"

"குடுக்க மாட்டேங்க்கா. காலையில என்னைய செருப்பால அடிங்க. இப்பக் குடுக்க மாட்டேன்."

கதவில் உதைத்தார்கள். வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லித் திட்டினார்கள். உள்ளே பிள்ளைகள் பயந்து ஒன்றாகச் சேர்ந்து அழுதன. நானும் அழுதேன். பீலி நின்றதைச் சொன்னேன், சுபாஸ் சொன்னதைச் சொன்னேன். பீலி என்றதும்தான் பாக்கியக்கா அடங்கினாள். அவளும் காலையில் வெறும் குடத்தோடு திரும்பியிருந்தாள்.

"தொற" என்றாள். "நான் உள்ள வாரேன்."

ஒருத்தி வந்ததும் மற்றவர்களும் வந்தார்கள். பெண்டாட்டியும் பிள்ளையும் வராததைக் கண்டு ஆண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். முதலில் ரமேஸ், பிறகு அவன் அண்ணன்மார். ஏசிக்கொண்டே வந்தார்கள், வந்தவர்கள் அடுப்படியில் குளிர்காய உட்கார்ந்துவிட்டார்கள். பொழுது மங்குவதற்குள் எங்கள் லயம் முழுக்க மடுவத்துக்குள் இருந்தது. என் வீட்டைத் தவிர. என் கண் பாதையிலேயே இருந்தது.

கடைசியில் ஜெயகுமார் வந்தார். கையில் கதவை நெம்ப ஒரு அலவாங்கு.

"கதவத் தொற விஜி!" ஓடைக்கு இந்தப் பக்கம் வரும்போதே கத்தினார். "எல்லாரையும் மேல ஏத்து! லயம் காலியாக் கெடக்கு. கம்பெனித் தொரமாருக்கு இதத்தானே நீ செஞ்சு குடுக்கிற!"

நான் கதவைத் திறந்துகொண்டு மழைக்குள் ஓடினேன். அவர் அடித்தாலும் பரவாயில்லை. ஆனால் அவர் தனியாக வந்திருந்தார்.

"மாமா எங்க?"

"வாசல்ல குந்த வச்சிட்டு வந்திருக்கேன். எவன் பூட்டக் கொண்டு வந்தாலும் எந்திரிக்காதீங்கப்பான்னு சொல்லியிருக்கேன். ஒரு ஆளாவது பிடிச்சுக்கிட்டு இருக்க வேணாமா?"

"ரமேசு!" என்று அலறினேன். "மாமாவத் தூக்கிட்டு வா! ஓடு!"

ரமேஸ் எழுந்து வெளியே வந்தான். அப்போது மேலே சத்தம் கேட்டது. லொறியிலிருந்து கல் கொட்டுவது போல முதலில், பிறகு நிற்காமல். சாய்ந்திருந்த மரங்கள் நிமிர்ந்தன. நிமிர்ந்தபடியே நடந்து வந்தன. எங்களுக்கு எதிரே மலை வழுக்கிக்கொண்டு இறங்கியது. பச்சை மண் வாசனை மூஞ்சியில் அடித்தது.

ஜெயகுமார் அலவாங்கைப் போட்டுவிட்டு ஓடையைப் பார்த்து ஓடினார். "அப்பா! அப்பா!"

நான் பாய்ந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அவர் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். என் முழங்கால் பாறையில் உரசிப் பிய்ந்தது. பாக்கியக்கா வந்து அவர் காலில் விழுந்து பிடித்தாள், ரமேஸ் கழுத்தைப் பிடித்தான். "விடுடி! விடுடி நாயே!" என்று என் தலைமயிரைப் பிய்த்தார், கையைக் கடித்தார். நான் விடவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு அவர் முதுகில் முகத்தைப் புதைத்து, விரலோடு விரலைக் கோத்துக்கொண்டு கிடந்தேன். கண்ணைத் திறந்தபோது ஓடையும் இல்லை, பாதையும் இல்லை, லயம் இருந்த இடத்தில் செம்மண் மட்டும் கிடந்தது.

மாமாவை மூன்றாம் நாள் மண்ணைத் தோண்டி எடுத்தார்கள். எங்களை வெளியேறச் சொல்லும் கடிதம் அதற்குப் பிறகு வந்தது, மூன்று பாசையிலும், கையெழுத்தோடு.

இப்போது பள்ளிக்கூடத்து வகுப்பறை ஒன்றில் இருக்கிறோம். லயத்துச் சனங்கள் என்னைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள், பாக்கியக்கா தன் பிள்ளையை என் மடியிலேயே போட்டு வைத்திருக்கிறாள். எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. ஜெயகுமார் என்னோடு பேசுவதில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறார், தனுஜா போனில் வந்தால் இரண்டு வார்த்தை சொல்கிறார். என் கையில் அவர் பல் பட்ட இடத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

நேற்றுக் காலை தேத்தண்ணி கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"ஏன்டி என்னையப் புடிச்ச?"

அப்பாவை அங்கே இருத்தியது நீங்கள் என்று சொல்லியிருக்கலாம். உங்கள் மேல் பிழையில்லை என்றும் சொல்லியிருக்கலாம். முதலாவதைச் சொன்னால் அந்த மனுசன் செத்துப்போவார், இரண்டாவதை அவர் நம்பமாட்டார்.

"திரும்ப நடந்தாலும் புடிப்பேன்" என்றேன்.

அவர் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். கதவு வரைக்கும் பின்னால் போய், அவர் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று பார்த்தேன். மலைப்பக்கம்தான் திரும்பினார். நான் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.